அறுபத்தேழு வினாடி

ஜனவரி 11

அன்புள்ள மணிக்கூண்டுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் போனில் "ம்" என்கிறீர்கள். அந்த "ம்"மை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதனால்தான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். பதில் எழுதியே ஆகவேண்டும், சொல்லிவிட்டேன்.

குதிகால் தசைநாரைத் தைத்த டாக்டர் நேற்று என்னை ஒற்றைக்காலில் நிற்க வைத்து, குதிக்க வைத்து, கடைசியில் "இனி ஓடலாம்மா, ஆனா மெதுவா" என்றார். பத்து மாதம் காத்திருந்த வார்த்தை. இன்று காலையே டிராக்குக்குப் போய்விட்டேன். ஒரு சுற்று ஓட்டம், ஒரு சுற்று நடை என்று மூன்று முறை. பிறகு வேலைக்குப் போய் மருந்துக்கடையில் நின்றபோது கால் விண்ணென்று வலித்தது. முதலாளி தன் ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.

மார்ச் 22ல் தகுதிப் போட்டி. எண்ணூறு மீட்டருக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஒரு வருடம் ஓடாதவளுக்கு இது பேராசை என்கிறார் கோச். சொல்லிவிட்டுப் போகட்டும். நீங்கள் வந்து, வளைவு முடியும் இடத்தில் வாட்ச்சோடு நின்று, பழையபடி வினாடியைக் கத்திச் சொல்ல வேண்டும். நீங்கள் வெளியூர் வேலைக்குப் போன பிறகு அந்த இடம் வெறிச்சென்று கிடக்கிறது.

உங்கள் குதிரை
(இப்போதைக்கு நொண்டி)


ஜனவரி 24

என் குதிரைக்கு,

கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். நீ ஓடினாய் என்று படித்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மதியம் லிப்ட் போகும் ஷாஃப்ட்டுக்குள் உட்கார்ந்து மறுபடி படித்தேன். கூட வேலை செய்பவர், "என்ன, வீட்ல ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார். "ஆமா, ஓட ஆரம்பிச்சுட்டா" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

லிப்ட் மெக்கானிக் பிழைப்பு உனக்குத் தெரியாததா. ஊரெல்லாம் சுகமாக ஏறி இறங்குவதற்காக நான் பன்னிரண்டு மாடி படியேறுகிறேன். லீவு கிடைப்பது கஷ்டம். வாட்ச்சைக் கோச்சிடமே கொடுத்துவிடு, அவர் என்னைவிடச் சரியாகப் பார்ப்பார். காலைப் பார்த்துக்கொள்.

உன் மணிக்கூண்டு


பிப்ரவரி 19

அன்புள்ள மணிக்கூண்டுக்கு,

உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "இவளுக்குக் கால் சரியாயிடுச்சு. என் பிள்ளை எப்போ சரியாவான்?" என்று கேட்டுவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

நேற்று ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ போட்டேன். நானூறு மீட்டர் நான்கு தடவை. எழுபத்திரண்டு வினாடிக்குக் கீழே வரவில்லை. கோச் வாட்ச்சைப் பார்த்து வாய்க்குள் முனகுகிறார். என்ன நேரம் என்று தெரிந்துகொள்ள அவர்வரை நடந்துபோக வேண்டியிருக்கிறது. வளைவு முடியும்போது என் தலை தானாக நீங்கள் நிற்கும் பக்கம் திரும்புகிறது. திரும்பினால் வேகம் போய்விடும் என்று திட்டுகிறார். திட்டு வாங்கிக்கொண்டே திரும்புகிறேன்.

ஒன்று கேட்கட்டுமா? மாவுக்கட்டைப் பிரித்து, ஊன்றுகோலோடு நான் நடக்க ஆரம்பித்த வாரத்தில்தான் நீங்கள் அந்த ஊர் வேலைக்குச் சம்மதித்தீர்கள். நடுவில் இரண்டு தடவை வந்தும் ஒருநாள்கூடத் தங்கவில்லை. நொண்டும் மனைவியைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் அப்படியே எழுதிவிடுங்கள். இதையே நினைத்துக்கொண்டிருந்து யாருக்காவது மருந்தை மாற்றிக் கொடுத்துவிடப் போகிறேன்.

உங்கள் குதிரை


மார்ச் 2

என் குதிரைக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் பல தடவை படித்துவிட்டேன். நீ நொண்டியதற்காக நான் இங்கே வரவில்லை. அந்தக் காலைக் கெடுத்தவன் நான், அதனால்தான் வந்துவிட்டேன்.

நீ விழுந்த அன்று கோச் டிராக்குக்கு வரவில்லை. "அறுபத்தஞ்சு வந்துட்டா போதும். அதோட நிறுத்தி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று என்னிடம் சொல்லிவைத்திருந்தார். நாலாவது சுற்றில் நீ அறுபத்தைந்து ஓடினாய். நான் அறுபத்தேழு என்று கத்தினேன். அன்று நீ ஓடிய அழகு அப்படி. இன்னொரு தடவை பார்க்க வேண்டும்போல் இருந்தது. நீ இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கியபடி, "இன்னும் ஒண்ணு ஓடிடறேன்" என்றாய். நான் தலையாட்டினேன். அந்த ஐந்தாவது சுற்றில்தான் விழுந்தாய்.

ஆஸ்பத்திரியில் நீ, "நான்தான் அடம்பிடிச்சு ஓடினேன், உங்க மேல தப்பில்ல" என்று எனக்கே ஆறுதல் சொன்னாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உன்னைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைக்கும்போதெல்லாம் சொல்ல நினைத்தேன்.

அந்த வாட்ச்சை மறுபடி நான் எப்படித் தொடுவேன்? உன் கோபம் தீர்ந்தால் ஒரு வரி எழுது. அப்போது வருகிறேன்.

உன் கணவன்


மார்ச் 14

உங்களுக்கு,

கடிதம் வந்து ஏழு நாள் ஆகிறது. இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அத்தையிடம் சொல்லவில்லை, இது நமக்குள் இருக்கட்டும்.

பொய் சொன்னதற்குக் கோபம்தான். அதிலும், நான் அறுபத்தைந்து ஓடினேன் என்பதையே ஒரு வருடம் எனக்குத் தெரியாமல் வைத்துவிட்டீர்கள். நான் ஓடியதிலேயே நல்ல சுற்று அதுதானே. அதற்குத் தனியாக ஒரு கோபம் இருக்கிறது.

ஆனால் பெரிய கோபம் இந்தப் பத்து மாதத்துக்கு. நீங்கள் போன ஆறாவது வாரம் ஊன்றுகோலை வைத்துவிட்டு அடுப்படியிலிருந்து வாசல்வரை நடந்தேன். நடந்து முடித்து, யாரிடம் சொல்வது என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் தடவை படி இறங்கியபோதும், முதல் தடவை குதித்தபோதும் அப்படித்தான் நின்றேன். என்னைப் பார்க்கப் பிடிக்காமல் போய்விட்டீர்கள் என்று நினைத்து, கடைக் கண்ணாடியில் என் நடையைப் பார்க்கவே வெறுத்தேன். காலைத் தைக்கவாவது ஒரு டாக்டர் இருந்தார்.

22ஆம் தேதி காலை ஒன்பதுக்குப் போட்டி. நான் தேறப்போவதில்லை, நேற்றுகூட அறுபத்தொன்பதுதான். அது போகட்டும்.

கோபம் தீர்ந்தால் எழுதச் சொன்னீர்கள். தீரவில்லை. சீக்கிரம் தீரும் என்றும் தோன்றவில்லை. அதற்காக அங்கேயே காத்துக்கொண்டிருக்காதீர்கள். கிளம்பி வாருங்கள். கோபப்படுவதற்கும் எனக்கு நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் மனைவி