கடுகுத் தலையணை

ஆடி 8, புதன்

கடுகு முளைக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் பேரனின் தலைக்கு அடியிலா! அவன் மண்டை உருண்டையாக வர நான் தைத்த தலையணை அது. தையலோரம் பச்சையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. புழு என்று பதறி உறையைப் பிரித்தேன். உள்ளே கடுகெல்லாம் வேர்விட்டுப் பாய் மாதிரி பின்னிக் கிடந்தது.

தப்பு என்னுடையதுதான். பால் கக்கினான் என்று கடுகைக் கொட்டாமல் அப்படியே அலசினேன். புனே மழையில் வெயில் ஏது? மேல்துணி காய்ந்ததும் போட்டுவிட்டேன்.

"டாக்டர் தலையணையே வேணாம்னாங்க அத்தை" என்று மருமகள் நான் தைத்த அன்றே சொன்னாள். "மூணு பிள்ளை வளர்த்தவளுக்கு நீ சொல்லித் தரியா?" என்று அவள் வாயை அடைத்தேன்.

முளைவிட்ட தலையணையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தேன். ஆபீஸிலிருந்து வந்ததும் கேட்டாள்: "தலையணை எங்க அத்தை? அது இல்லாம தூங்க மாட்டான்னீங்களே?"

"துவைக்கப் போட்டிருக்கேன்."

"மறுபடியுமா?"

பேரன் வெறும் விரிப்பில் சுகமாகத் தூங்குகிறான். காலையில் அவள் கிளம்புமுன் சொல்லிவிட வேண்டும். சொன்னால், பிள்ளையை என்னிடம் விட்டுப் போவாளா?