மொழிபெயர்க்க ஆள் இல்லை

ஆர்ஜொந்தெய்
மார்ச் 2023

அண்ணைக்கு,

உங்கள் தொலைபேசிச் செய்தியைக் கேட்டேன். பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் உங்கள் கூட்டாளி ஸ்தோயனுக்குப் பிரெஞ்சு மறந்துபோய், பல்கேரிய மொழி மட்டும்தான் வருகிறதாம். மசிடோனிய மொழியும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று, டாக்டரிடம் மொழிபெயர்க்க மசிடோனியரான என் கணவரை அனுப்பச் சொல்கிறீர்கள்.

பாரிசில் லா சப்பலில், உங்கள் சாப்பாட்டுக் கடையில் நடந்த எங்கள் கலியாண விருந்து நினைவிருக்கிறதா? ஸ்தோயன் பிரெஞ்சில் சொன்னதை நீங்கள்தான் எல்லோருக்கும் தமிழில் சொல்லிச் சிரித்தீர்கள். "மசிடோனியர் எண்டு ஒரு சனமே இல்லையாம். மாப்பிள்ளை கதைக்கிறது உடைஞ்ச பல்கேரிய பாஷையாம்." ஈழத்தமிழராகிய நம்முடைய வரலாற்றை எவனாவது மறுத்தால் மேசையில் ஓங்கி அடிக்கிற நீங்கள்! இவர் அன்று ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

ஸ்தோயன் பேசுவது ஒருவருக்கும் விளங்காமலே கிடக்கட்டும்.

நீங்கள் கேட்டதை இவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் இப்போதே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுவார்.

தங்கச்சி