பதினேழாவது வாசல்

கோட்டைமேடு,
கோயம்புத்தூர்.
2 மே 2024, வியாழன் காலை

என் கண்ணான ஹுமேராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனசுதான் ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளை தல்ஹாவும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன்.

கையில் போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் காகிதமும் பேனாவும் என்று நினைப்பாய். வீட்டில் போன் இரண்டு இருந்தாலும் இரண்டையும் எடுத்துப் பார்ப்பது உன் அத்தா. வீடியோவில் நீ வந்தால் முதல் ஆளாக முகத்தைக் காட்டுவதும் அவர்தான். போன வாரம் நீ அனுப்பிய செய்தியை அவர் குளிக்கப் போன நேரத்தில் இரண்டு தரம் படித்துவிட்டு அழித்துவிட்டேன். மில்லில் அத்தாவோடு ஃபிட்டராக இருந்த பொள்ளாச்சி பாலுசாமி அண்ணனின் பேத்தி லோகப்பிரியா உங்கள் ஊரில்தானே படிக்கிறாள். லீவு முடிந்து திங்கட்கிழமை கிளம்புகிறாள். அவள் பையில் இது வருகிறது.

நீ கேட்டது ஒரே கேள்வி. மான்செஸ்டரில் ஹார்ப்பர் லேன் என்ற தெருவில் பதினேழாம் எண் வீட்டில் தங்கியிருந்ததாக அத்தா உன் சின்ன வயதிலிருந்து சொல்லி வருகிறார். அந்த வீட்டில் பிறந்த ஜேனட் என்ற அம்மாள் உங்கள் தெரு வரலாற்றுக் குழுவிலேயே இருக்கிறார். எங்கள் வீட்டில் ஒருநாளும் யாரும் வாடகைக்கு இருந்ததில்லை என்கிறார். அப்படியென்றால் அத்தா எங்கேதான் இருந்தார் என்று கேட்டிருந்தாய்.

கேள்வி சின்னதுதான். ஆனால் நீங்கள் நோட்டீஸ் அடித்துவிட்டீர்கள். இடித்துத் தள்ளி ஐம்பது வருஷமான தெருவில், ஜூன் இருபத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை உன் அத்தா முன்னால் நடந்து, எந்த வீடு எங்கே இருந்தது என்று காட்டப் போகிறார் என்று ஊருக்கே சொல்லியாகிவிட்டது. பக்ரீத் முடிந்த மறு வாரத்துக்கு எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட்டும் எடுத்துவிட்டாய். நோட்டீஸில் அவர் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து இந்த வீட்டில் நிம்மதி என்பது மருந்துக்கும் இல்லை.

காலையில் பெரியகுளத்துக் கரைக்கு நடக்கப் போகிறார், வருகிறார், செருப்பைக் கழற்றாமலே மறுபடி போகிறார். கூடத்தை அடி அடியாக வைத்து அளக்கிறார். எதற்கு என்று கேட்டால் கட்டில் வாங்கலாமா என்று பார்த்தேன் என்கிறார். மூன்று நாள் சர்க்கரை போடாமல் டீ கொடுத்துப் பார்த்தேன். சர்க்கரை எங்கே என்று கேட்கவே இல்லை. போன செவ்வாய்க்கிழமை என்னிடம் சொல்லாமல் பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்குப் போய், பாலுசாமி அண்ணனிடம், "ஏனுங்க பாலு, ஜூன் மாசம் முடியற வரைக்கும் உங்க தோட்டத்துல இருந்துக்கட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறார். அவர் இரண்டு இளநீரை வெட்டிக் கொடுத்து, திரும்புகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டு, எனக்குப் போன் செய்தார். "அம்மணி, என்ன சங்கதின்னு எனக்குத் தெரியுமுங்க. ஆனா அது நான் சொல்றது இல்லீங்க, அவரு சொல்லோணும்" என்றார். நான் சரிங்கண்ணா என்று மட்டும் சொன்னேன். எனக்கும் தெரியும் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

சுற்றி வளைக்கிறேன், இல்லையா? சொல்லிவிடுகிறேன். உன் அத்தா மான்செஸ்டருக்குப் போனதே இல்லை, கண்ணு. கப்பலும் ஏறவில்லை, விமானமும் ஏறவில்லை. மீதியை நாளைக்கு எழுதுகிறேன். கேட் சத்தம் கேட்கிறது, காகிதத்தை அரிசி டப்பாவில் வைக்க வேண்டும்.

3 மே, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போயிருக்கிறார். தொழுகை முடிந்து நாலு பேரிடம் பேசிவிட்டு வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். வெயில் கொளுத்துகிறது. சிறுவாணித் தண்ணீர் வந்து எட்டு நாளாகிறது. இன்றைக்கு வந்தாலும் வரட்டும், நான் எழுந்திருக்கப் போவதில்லை.

நேற்று எழுதியதைப் படித்து நீ ஆத்திரப்படுவாய். என் மகள் எனக்குத் தெரியாதா? லண்டனில் வேலை கிடைத்தும் வேண்டாம் என்று சொல்லி, அத்தா நடந்த தெருவில் நானும் நடப்பேன் என்று அந்த ஊருக்குப் போனவள் நீ. அதனால் முழுதும் கேட்டுவிட்டுக் கோபப்படு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லுக்கு மான்செஸ்டரிலிருந்து நூற்கும் இயந்திரங்கள் வந்தன. பூட்டிக் கொடுக்க ஓர் ஆளும் வந்தார். பெயர் ஆர்தர். இந்த மில் கதையெல்லாம் பாலுசாமி அண்ணன் வாயிலிருந்து வருஷக்கணக்கில் துண்டு துண்டாக விழுந்ததை நான் கோத்துக்கொண்டது. அத்தாவுக்கு அப்போது இருபது வயது. ஆர்தருக்குக் கையாளாக அத்தாவையும் பாலுசாமி அண்ணனையும் விட்டார்கள். இரண்டு மாதத்தில் முடிய வேண்டிய வேலை. ஆனால் பல்சக்கரங்கள் இருந்த பெட்டி ஒன்று கொச்சித் துறைமுகத்துக்கும் இந்த ஊருக்கும் நடுவில் காணாமல் போய்விட்டது. வேறு பெட்டி கப்பலில் வந்து சேர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் ஆர்தர் கூண்டில் அடைத்த மாதிரி இந்த ஊரில் கிடந்தார்.

அந்த நேரத்தில்தான் அவர் வீட்டிலிருந்து கடிதம் வந்ததாம், நம் தெருவை இடிக்கப் போகிறார்கள், எல்லாரையும் வேறு இடத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்று. அன்றிலிருந்து தினம் சாயங்காலம் ஷிப்ட் விட்டதும், இயந்திரம் வந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, தெருவை ஒன்றாம் எண்ணிலிருந்து வாசல் வாசலாகச் சொல்லுவாராம். தான் திரும்புவதற்குள் இடித்துவிட்டால் மனசிலாவது இருக்கட்டும் என்று. பாலுசாமி அண்ணன் கொட்டாவி விடுவார். அத்தா கேட்பார். மதரஸாவில் உஸ்தாது ஓதியதை ஓர் எழுத்து மாறாமல் திருப்பி ஓதிப் பழகிய காது அவருடையது, உனக்குத்தான் தெரியுமே. அரைகுறை இங்கிலீஷை வைத்துக்கொண்டு அதையும் அப்படியே பாடம் செய்துவிட்டார். ஒருநாள் ஆர்தர் நடுவில் தடுமாற, "ஒன்பதை விட்டுட்டீங்க துரை, புறாக்காரர் வீடு" என்று இவர் எடுத்துக் கொடுத்தாராம். அதன் பிறகு ஆர்தர் சொல்வதை நிறுத்தி, இவரைச் சொல்ல வைத்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை தோறும் வாசற்படியை மஞ்சள் கல்லால் தேய்க்கும் ஒன்றாம் எண் விதவை, விடியற்காலையில் நீளக் குச்சியால் மாடி ஜன்னலைத் தட்டி மில்லுக்கு ஆளை எழுப்பும் பன்னிரண்டாம் எண்காரர், காடி ஊற்றிக் கொடுக்கும் உருளைக்கிழங்கு வறுவல் கடை. இதெல்லாம் கேட்டுத்தானே நீ சோறு தின்றாய். பதினேழாம் எண்ணுக்கு எதிரில் விளக்குக் கம்பத்தில் கயிறு கட்டி ஊஞ்சலாடி முன்பல்லை உடைத்துக்கொண்ட சின்னப் பெண்ணைக்கூட மறந்திருக்க மாட்டாய். ஜேனட் அம்மாள் அந்தப் பல்லைச் சிரித்துக் காட்டினார் என்று நீ எழுதியதைப் படித்து எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷமாக என் வீட்டுச் சோற்றுத் தட்டைச் சுற்றி ஓடிய பெண் அல்லவா அவர்.

ஊருக்குத் திரும்பும்போது ஆர்தர், "உன்னை வரவழைக்கிறேன், எங்கள் வீட்டிலேயே தங்கு" என்று சொல்லிப் போனார். அத்தா அதை நம்பிப் பாஸ்போர்ட் எடுத்தார். தெருவே இவரை மான்செஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தது. கடிதம் வரவில்லை. இவர் மூன்று எழுதினார், ஒன்றுக்கும் பதில் இல்லை. எதிரில் வருகிறவர் எல்லாரும் எப்போது பயணம் என்று கேட்க, பதில் சொல்ல மாட்டாமல் ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினார். போனது பம்பாய்க்கு. அங்கே ஒரு மில்லில் மூன்று வருஷம் வேலை பார்த்தார். மான்செஸ்டருக்குப் போய்விட்டான் என்று ஊர் தானாகவே பேசிக்கொண்டது. வீட்டில் இருந்தவர்களும் மறுக்கவில்லை.

எழுபத்தாறில் என்னைக் கேட்டு வந்தார்கள். "மாப்பிள்ளை, அந்த ஊரு எப்படீங்க இருக்கும்?" என்று என் பெரியத்தா கேட்டார். நான் போகவில்லை என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். இவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்தார். ஆர்தர் எப்படிச் சொன்னாரோ அப்படியே, எங்கள் தெரு, எங்கள் வீடு என்று. பாடத்தை மாற்றிச் சொல்ல அவருக்குத் தெரியாது. நான் உள் அறையில் கதவோரம் நின்று கேட்டேன். பதினேழு வாசல் முடிவதற்குள் இவரைத்தான் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். இதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

கல்யாணமாகி மூன்றாம் மாதம், அவர் இரும்புப் பெட்டியில் அந்துருண்டை போடப் போனேன். அடியில் பாஸ்போர்ட் இருந்தது. புரட்டிப் பார்த்தேன். ஒரு முத்திரை இல்லை. வந்ததும் உண்டு இல்லை என்று பண்ணிவிடுவது என்று கொதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் அவருக்கு முன்னால் என் அக்கா வந்துவிட்டாள். பம்பாய்க்குக் கட்டிக் கொடுத்த அக்காதான். அங்கே மில்லில் இவரைப் பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "உம் மாப்பிள்ளை அங்க எந்த வீதீல இருந்தாருடி?" என்று ஒரு தினுசாகக் கேட்டாள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. ஹார்ப்பர் லேன், பதினேழாம் எண் என்று சொன்னேன். பனி முழங்கால் வரைக்கும் விழுமாம் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் தெருவைத்தான் சொன்னார். அங்கே குடியிருந்தார் என்று முதலில் சொன்னது என் வாய். பிறகு அவர் அதை மறுத்தால் நான் பொய்க்காரி ஆவேன். அதற்காகவே அவர் தலையாட்ட ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன். ஆகையால் கோபப்படுவதென்றால் பாதியை எனக்கு வைத்துக்கொள்.

பாஸ்போர்ட்டை எடுத்து என் துணிகளுக்கு அடியில் வைத்தேன். நாற்பத்தெட்டு வருஷமாக அங்கேயே இருக்கிறது. பெட்டியில் இல்லை என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது புதியது எடுக்கப் போன இடத்தில் பழையது என்னாச்சு என்று கேட்டார்கள். தொலைந்துவிட்டது என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

இனி ஆர்தரின் மகள் ஜேனட் அம்மாள் விஷயம். இரண்டு மாதம் என்று போன அப்பா எட்டு மாதம் இந்தியாவில் சொகுசாக இருந்துவிட்டார், அந்தக் குளிரில் என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட வரவில்லை, திரும்பி வந்த மறு வருஷமே இறந்தும் போனார் என்று மனத்தாங்கலோடு சொன்னதாக எழுதியிருந்தாய். அவரிடம் நான் சொன்னதாகச் சொல். அவர் அப்பா இங்கே சொகுசாக இல்லை. காணாமல் போன பெட்டிக்காக வாரம் ஒரு தரம் கொச்சிக்குப் போய் வெறுங்கையோடு வந்தார். பாதி வேலையில் போனால் திரும்பும் டிக்கெட்டைக் கம்பெனி தராது என்றார்கள். பதினேழாம் எண்ணைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடுமாம், அங்கே ஒருத்தி என் மேல் கோபமாக இருப்பாள் என்று. இதுவும் பாலுசாமி அண்ணன் சொன்னதுதான். சிவப்பும் பச்சையுமாகக் கோடு போட்ட ஜமக்காளம் ஒன்று அவர்கள் வீட்டில் இருந்ததா என்றும் கேள். அத்தாவும் அண்ணனும் பவானிக்குப் போய் வாங்கி வந்து அவர் பெட்டியில் வைத்துக் கட்டியது.

ஹுமேரா, ஆர்தர் இறந்த செய்தியை நான் இன்னும் உன் அத்தாவிடம் சொல்லவில்லை. என் வாயால் சொன்னால் எனக்கு எல்லாம் தெரியும் என்பதும் கூடவே வந்துவிடும். ஆர்தர் தன்னை மறந்துவிட்டார் என்றே அத்தா ஐம்பத்து மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறார். மறக்கப்பட்ட ஆள் போய் என்ன முகத்தோடு அந்தத் தெருவில் நிற்பது என்பதுதான் அவருடைய தவிப்பு, பொய் வெளிப்படும் என்பது மட்டும் இல்லை. எனக்கு அவரைத் தெரியும்.

அதனால் நோட்டீஸை மாற்று. குடியிருந்தவர் என்பதை எடுத்துவிடு. ஆர்தரின் நண்பர் என்று போடு. அது பொய் இல்லை. குழுவில் இருப்பவர்களிடமும் இப்போதே உண்மையைச் சொல்லிவிடு. எழுதிவைக்கிற வரலாற்றில் நம் வீட்டுப் பொய் இருக்கக் கூடாது. அத்தாவிடம் மட்டும் நீ எதுவும் கேட்காதே. ஜேனட் அம்மாளை விமான நிலையத்துக்கு அழைத்து வா. அவர் முந்திக்கொண்டு, நீங்கள் என் அப்பாவை அறிந்தவர், அவர் உங்களை மறக்கவில்லை, எழுதுவதற்குள் போய்விட்டார் என்று சொல்லிவிட்டால், இவர் ஒப்புக்கொள்ளவும் ஒன்றுமில்லை, மறைக்கவும் ஒன்றுமில்லை. பழைய பாஸ்போர்ட்டை என் கைப்பையில் கொண்டு வருகிறேன். கொடுப்பதா வேண்டாமா என்று அங்கே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை அந்த வெட்டவெளியில் அவரை நிறுத்தினால் முதலில் கொஞ்சம் திணறுவார். ஒன்றாம் எண் எங்கே இருந்தது என்று யாராவது கையைப் பிடித்து நிறுத்திவிட்டால் போதும், பிறகு கண்ணை மூடிக்கொண்டு நடப்பார். இடம் தப்பினால் தப்பட்டும், கூடவே நடந்து போங்கள். அல்லாஹ் உங்கள் எல்லாரையும் கிருபையோடு வைத்திருப்பான். அம்மா உன்னிடம் கேட்பது ஒன்றுதான். பதினேழாவது வாசல் வரும்வரைக்கும் யாரும் குறுக்கே பேச வேண்டாம்.

துஆவுடன்,
உன் அம்மா
சாஜிதா பேகம்