தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு

12-2-2007, திங்கள்

போட்டோஷாப் ஷார்ப்பனில் அமௌன்ட் முன்னூறு, ரேடியஸ் ஐந்து வைத்தேன், அதனால்தான். வேறு எதனால்? மலையில் மொட்டை போட்டுவிட்டு இறங்கி வந்த குடும்பம். போட்டோ கொஞ்சம் மங்கல், ஷார்ப் பண்ணினேன். நாலு மொட்டையைச் சுற்றியும் வெள்ளைக் கோடு. தலையில் பூசிய சந்தனம் சொறி மாதிரி ஆகிவிட்டது. ஓனர் ஹரிபாபு எட்டிப் பார்த்தார். "ஏமிரா பிரவீன், நாலு பேரையும் சாமியாக்கிட்டியா?"

காலேஜை இரண்டாம் வருஷத்தில் விட்டது இந்தத் திருப்பதி ஸ்டூடியோவில் திட்டு வாங்கத்தானா?

13-2

புரிந்துவிட்டது. ஷார்ப்பன் என்பது மங்கலைத் துடைப்பதில்லை. இருட்டும் வெளிச்சமும் சேரும் ஓரத்தில் இருட்டை இன்னும் இருட்டாக்கும், வெளிச்சத்தை இன்னும் வெளிச்சமாக்கும். கண் ஏமாறும், அவ்வளவுதான். ரேடியஸ் ஒன்றைத் தாண்டினால் கோடு தெரியும். த்ரெஷோல்ட் நாலைந்து வைத்தால் தோலைத் தொடாது.

16-2, வெள்ளி

குவைத்தில் டிரைவராக இருக்கும் கோவர்த்தனனுக்கு, தரகர் மூலம் சுமித்ரா அக்காவைக் கேட்கிறார்கள். போட்டோ வேண்டுமாம். புத்தூர் வீட்டில் அம்மா ஒரு கல்யாண குரூப் போட்டோவைக் கொடுத்தாள். கடைசி வரிசை ஓரத்தில் அக்கா, முகம் பட்டாணி அளவு. அதில்தான் ஜடை இருக்கிறது. போன வருஷம் மஞ்சள் காமாலையில் அக்கா பிழைத்ததற்கு நவம்பரில் மொட்டை. மற்ற வீட்டில் வயசுப் பெண் என்றால் மொட்டைக்குப் பதில் மூன்று கத்திரி முடி வெட்டிக் கொடுப்பதோடு விடுவார்கள். அம்மா முழுசாக வேண்டியிருந்தாள். இப்போது இரண்டு விரல் முடி.

"இப்ப கீற மாதிரியே எடுத்தா இன்னா?" என்று கேட்டேன்.

"பொண்ணு சீக்குக்காரினு பேசட்டும், எடு. எல்லாம் நான் வேண்டிக்கினதாலதான். நீயாவது சரி பண்ணுடா."

18-2, ஞாயிறு

ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு கறுப்புக் கட்டம். இல்லாததை ஷார்ப்பன் எங்கிருந்து கொண்டு வரும்? பிரஷ் எடுத்து இமையை நானே வரைந்தேன்.

பிரிண்டைப் பார்த்த அம்மாவுக்குச் சந்தோஷம். "எவ்ளோ தெளிவா கீது."

அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லாத்தான் கீது. யார்டா இது?"

எங்க அக்கா கண்ண நானே வரைஞ்சிருக்கேன் — அதுவும் தப்பா.

20-2

அக்கா தனியாக ஸ்டூடியோவுக்கு வந்தாள். வழக்கமாகக் கட்டும் துணி தலையில் இல்லை. எடுத்தேன். கண்ணும் புருவமும் மட்டும் ஷார்ப், அமௌன்ட் எண்பது, ரேடியஸ் ஒன்றுக்கும் கீழே. மற்ற எதையும் தொடவில்லை.

"இத அனுப்பு. வாணாம்னா இப்பவே சொல்லட்டும்."

"அம்மா கேட்டா?"

"நான் சொல்லிக்கிறேன், நீ அனுப்புடா."

கோவர்த்தனனுக்கு மெயிலில் 'இன்று எடுத்தது' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

21-2

அக்கா சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு எங்கள் இரண்டு பேர் மேலும் கோபம்.

24-2

பதில் இல்லை.

27-2

இல்லை. என் அவசரத்தால் அக்காவுக்கு வந்த இடம் போய்விட்டதா? ஜடையோடு அனுப்பியிருந்தால் மட்டும்? கல்யாணத்தன்று யாரைக் காட்டுவது?

2-3, வெள்ளி

வந்துவிட்டது. காலையில் பக்கத்து வீட்டுக்கு போன் செய்து சொன்னேன், அம்மாவும் அக்காவும் புத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். மெயிலில் ஒரே ஒரு போட்டோ. தரகர் கொடுத்த போட்டோவில் கோவர்த்தனனுக்கு நெற்றி வரைக்கும் முடி. இதில் முன்மண்டை காலி, முகமெல்லாம் வேர்வை, கை ஆடியதால் மங்கல். கீழே ஒரு வரி: 'இதுவும் இன்னிக்கி எடுத்ததுதான். பாத்துட்டு சொல்லுங்க.'

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "ஏன்டா, மொகமே தெரியல. இத்தயாவது கொஞ்சம் தெளிவா பண்ணு."

மௌஸில் கை வைத்தேன்.

"கைய எடுடா," என்றாள் அக்கா. திரையை விட்டு அவள் கண் நகரவில்லை.

அப்படியே பிரிண்ட் போட்டேன். வீட்டில் இருக்கும் நைனாவிடம் நான்தான் இதைக் காட்ட வேண்டுமாம். மூன்றரை மணிக்கு பஸ். அம்மா வாசலில் நின்று கூப்பிடுகிறாள், போகணும்.