மூன்றாம் முறை அழையாத பெயர்

வெண்கோட்டு வேந்தரின் திருவுளப்படி, நீதிப் பேரமைச்சர் ஆதன் கீரனார், குறுங்காட்டுக் கூற்றத்தை ஆளும் பழையன் மாறனாருக்கு எழுதுவிக்கும் ஓலை. நும் ஏரிகள் நிறைக. நும் எல்லையில் பொய்ச்சான்று புகாதொழிக.

வரப்பும் வாய்க்காலும் பற்றிய வழக்கு ஊர்மன்றத்துக்கும், எடையும் விலையும் பற்றியது வணிகர் மன்றத்துக்கும், உயிர்ப்பழி கொலைமன்றத்துக்கும் செல்வதும், தீர்ப்பில் குறை கண்டோர் அரசவை வாயிலில் மறுமுறையீடு வைப்பதும் நம் முறை. கொலைமன்றத்தில் மாண்டவரே வாதி. ஆதலால் தண்டம் சொல்லுமுன் அவர் பெயரை மும்முறை அழைத்தாக வேண்டும்.

நும் கொலைமன்றத்து நடுவர் இளநாகனார் நல்லவர்தாம். ஆனால் அன்று அவருக்குப் பசி. உழவன் தித்தனை ஏரியில் தள்ளிக் கொன்றான் என்று மடைக்காவலன் ஓரியன் மேல் வழக்கு. இருமுறை அழைத்தவர், முப்பதாண்டில் எந்தப் பிணம் வாய் திறந்தது என்று அலுத்துக்கொண்டு மூன்றாவதை விழுங்கிவிட்டார். வரும் அமாவாசையன்று ஓரியனைக் கழுவேற்றத் தீர்ப்பளித்து, மும்முறை அழைத்ததாகவே எழுதுவித்தார். மன்ற எழுத்தனே நம்மிடம் வந்து இதை ஒப்புக்கொண்டான்.

அவன் வருமுன்பே வேறொருவன் வந்திருந்தான். மழையில்லாத நண்பகலில், சொட்டச் சொட்ட நனைந்த உடையோடு அரசவை வாயிலில் நின்றான். வாயில் எழுத்தர் வழக்கம்போல் பெயரும் ஊரும் குறையும் கேட்டு எழுதினார். மூன்றாம் அழைப்புக்கு மறுமொழி சொல்ல மன்றத்து வாசல்வரை வந்து காத்திருந்ததாகவும், அழைப்பு வராமையால் உள்ளே நுழைய உரிமையின்றித் திரும்பியதாகவும், கால் வழுக்கி விழுந்த தன்னைக் காக்கவே ஓரியன் நீரில் குதித்ததாகவும் அவன் உரைத்தான். பெயரை நும் மன்றம் அனுப்பிய வழக்கோலையோடு ஒப்பிட்டு, அது மாண்ட தித்தனின் பெயரே என்று கண்ட எழுத்தர் நம்மிடம் ஓடிவந்தார்.

நாமும் சென்று பார்த்தோம். அவன் அமர்ந்த கல்லில் தேங்கிய நீர் கடும் வெயிலிலும் உலரவில்லை. அஞ்சினோம், மறைப்பானேன்?

ஆதலால் கட்டளை: ஓலை கண்ட பொழுதே மன்றம் கூட்டுக. ஓரியனை விலங்கு நீக்கி நிறுத்துக. இளநாகனாரே தம் வாயால் மூன்றாம் முறை அழைக்கட்டும். வரும் மறுமொழியை ஓரெழுத்தும் குறையாமல் எழுதி, அதன்படி தீர்க்க.

நாரை முத்திரை இடும் இவ்வேளையில் அந்தக் கல் வெறுமையாய்க் கிடக்கிறது. ஈரக் காலடிகள் நும் ஊர்ச் சாலையில் செல்கின்றன. நம் தூதன் குதிரையில் வருகிறான். எவர் முந்துவாரென்று யாம் அறியோம். தித்தனே முந்தினாலும் அழையாமல் உள்ளே வரமாட்டான், வாசலில்தான் நிற்பான். அவனை நெடுநேரம் நிற்க வைக்காதீர்.