டம்மி ஏவுகணையும் இடது காலும்

9-2-1985

அன்புள்ள அப்பாவுக்கு, மகன் ஜெயகரன் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் சுகமாக இருக்கிறேன். உங்கள் இருமல் குறைந்ததா?

உங்கள் கடிதத்தில், "அது வெடிச்சிடப் போவுதுடா" என்று அம்மா எழுதச் சொல்லியிருந்தார்கள். விமானப்படையில் எங்களுக்குப் பழகக் கொடுத்திருப்பது டம்மி ஏவுகணைதான். தூரத்தில் பறக்கும் விமானத்தை அடிக்கிற நிஜ ஏவுகணையின் எடையும் நீளமும் அப்படியே இருக்கும். உள்ளே வெடிமருந்து மட்டும் கிடையாது. ஆனாலும் நிஜம் என்று நினைத்துத்தான் தொட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அதை ஏற்றிய தள்ளுவண்டி சரிவில் உருண்டது. டம்மிதானே என்று மற்றவர்கள் கையை விட்டுவிட்டார்கள். நான் பிடித்து நிறுத்தினேன். வாணியம்பாடி அமீர் பாஷா, "இன்னாப்பா, டம்மிக்காக உசுர உடுவியா?" என்று சிரித்தான். சார்ஜென்ட் சிரிக்கவில்லை. திங்கள் முதல் எனக்கு நிஜ ஏவுகணையில் வேலை!

இங்கே தமிழ் பேச இருந்த அமீர் பாஷாவும் நேற்று மாற்றலாகிப் போய்விட்டான். உங்கள் கையால் ஒரு ஜோடி செருப்பு தைத்து அனுப்புங்கள். பார்சலைத் தமிழ்ப் பேப்பரில் சுற்றுங்கள், பழையதானாலும் பரவாயில்லை. நிறைய சுற்றுங்கள்.

அம்மாவுக்கு இதுவரை வாசித்தால் போதும்.

அளவுக்கு இரண்டு காலையும் வரைந்து வைத்திருக்கிறேன். இடது கால் அகலமாக இருப்பதை நீங்கள் உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள். வண்டிச் சக்கரம் ஏறிய வீக்கம், எலும்புக்கு ஒன்றுமில்லை. அம்மா பார்த்துவிட்டால் பென்சில் நழுவியது என்று சொல்லுங்கள். செருப்பைப் பழைய அளவிலேயே தையுங்கள் அப்பா, அது வருவதற்குள் வடிந்துவிடும். தபால்காரர் நிற்கிறார்.

ஜெயகரன்