தமிழ் வகுப்புக்குப் பிள்ளை சேர்க்கப் போனது

1956 ஜூன் 14, வியாழன். நகரி.

எங்கள் ஊர் தெலுங்கு ராஜ்யத்தோடு போய்விட்டதால், பிள்ளைகள் குறைந்தால் எங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பை மூடிவிடுவார்கள். என் வாத்தியார் வேலையும் போகும். அதனால் மாலையில் நெசவாளர் தெருவுக்குப் போய், மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கவிருக்கும் மங்கம்மாவிடம் பேசினேன்.

"தெலுங்கு படிச்சாத்தான் இனிமே உத்தியோகம்னு சொல்லிக்கினு கீறாங்களே சார்," என்றாள்.

தாய்மொழியில் படித்தால்தான் நன்றாகப் புரியும் என்றேன்.

"உங்க பொண்ணும் ஒண்ணாவதுதானே, எதுல படிக்குது?"

போன வாரம்தான் என் மகளைத் தெலுங்கு வகுப்பில் சேர்த்தேன்.

"தமிழ்லதாம்மா," என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "அப்ப சரி சார். எம் பொண்ணை அது பக்கத்துலயே உக்கார வச்சிடுங்க. புதுசுல அழுவும்."

தலையாட்டிவிட்டு வந்தேன். நாளைக் காலையில் கூட்டி வருகிறாள். என் மகளிடம் என்ன சொல்லி வைப்பது என்று யோசிக்கிறேன். அப்படி யோசிப்பதுதான் இன்னும் அசிங்கமாக இருக்கிறது.